பில்டப்பும் பஸ் ஸ்டாப்பும்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நம் ஊரில் இது ஒரு குறையாகவே யாருக்கும் தோன்றாது. அமெரிக்காவில் சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாது என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல ஒரு கணம் பார்க்கிறார்கள். “அப்போ எப்படிப் போவீங்க?” பஸ்ஸில் என்று சொன்னால் இன்னும் ஒரு கணம்.

இந்த லட்சணத்தில்தான் அண்ணன் மகன் எனக்கு ஒரு வேலை கொடுத்தான். பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். முடிக்கும் தறுவாயில் இருந்தான். கையில் இரண்டு வேலை. ஒன்று ஆஸ்டினில், இன்னொன்று நாஷ்வில்லில். சம்பளத்தில் பெரிய வித்தியாசமில்லை.

“சித்தப்பா, ரெண்டுமே செம ஊருன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நீங்க எப்படியும் சுத்திப் பாக்கத்தானே வந்திருக்கீங்க. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. எது நெசம், எது பில்டப்புன்னு உங்களுக்குத் தெரியாதா? முப்பது வருஷம் பேப்பர்ல தலைப்பு போட்டவராச்சே.”

கிண்டல்தான். ஆனால் டிக்கெட்டும் போட்டுக் கொடுத்துவிட்டான்.

நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருந்தலைகளை ஒதுக்கிவிட்டால், மூன்று லட்சத்திலிருந்து பத்து லட்சம் பேர் வரை வாழும் அமெரிக்க ஊர்கள் ஒரு தனி ரகம். ‘குடியேறத் தகுந்த பத்து ஊர்கள்’ என்று பத்திரிகைகள் போடும் பட்டியல்களில் இவைதான் மாறி மாறி வருகின்றன. எல்லாப் பட்டியலிலும் ஒரே படம். ஓர் ஆறு, ஒரு பாலம், சைக்கிளில் ஒரு பெண், நுரை தளும்பும் பீர். 2017-ல் அமேசான் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடுவதாக அறிவித்தபோது 238 விண்ணப்பங்கள் போயின. சுயம்வரம்தான். வரிச்சலுகை தருகிறேன், நிலம் தருகிறேன் என்று மேயர்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்த ஜனவரியில் இருபது இடங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஆஸ்டின், நாஷ்வில், பிட்ஸ்பர்க் மூன்றுமே அதில் இருந்தன. கடைசியில் மாலை விழுந்ததோ நியூயார்க்குக்கும் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனுக்கும். நாஷ்வில்லுக்கு ஆறுதல் பரிசாக 5,000 வேலைகள் கொண்ட ஓர் அலுவலகத்தை அறிவித்தார்கள்.

ஏப்ரல் கடைசியில் ஆஸ்டின் போய் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் 20-ஆம் நம்பர் பஸ் போகிறது. ஒன்றேகால் டாலர். பெட்டியோடு ஏறியவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற விமான நிலைய ஊழியர்கள். ஜன்னலில் சாய்ந்து தூங்கியபடி, தங்கள் நிறுத்தம் வந்ததும் சொல்லிவைத்தாற்போலக் கண் திறந்து இறங்கினார்கள். ஜன்னலுக்கு வெளியே கண்ணாடிக் கோபுரங்கள் வளர்ந்துகொண்டே வந்தன. கிரேன்கள் வேறு. 1950-ல் 1.3 லட்சம் பேர் இருந்த ஊர் இது. 2020 கணக்கெடுப்பில் 9.6 லட்சம். இதைப் போய் இன்னும் நடுத்தர ஊர் என்கிறார்கள்.

அன்று சாயங்காலம் காங்கிரஸ் அவென்யூ பாலத்துக்குப் போனேன். பாலத்தின் கிழக்குக் கைப்பிடிச் சுவர் நெடுகச் சனம். கீழே புல்வெளியில் போர்வை விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றில் படகுகள் வேறு. எல்லோரும் வௌவாலுக்காகக் காத்திருந்தார்கள்.

முதலில் வந்தது வாசனை. மூக்கில் ஏறியதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. விளக்கில்லாத பழைய கோயில் மண்டபத்தில் காலடி வைத்ததும் முகத்தில் அடிக்குமே, அதே காரமான நெடி. பக்கத்தில் நின்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் சொந்த ஊருக்கு வந்தவன்போல நின்றேன்.

எட்டு மணி தாண்டி, வெளிச்சம் சாம்பலாக மாறும்போது, பாலத்தின் அடியிலிருந்து ஒரு கறுப்பு நூல் பிரிந்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு நூல் கயிறாகி, கயிறு புகையாகி, மரங்களுக்கு மேலே வளைந்து நெளிந்து கிழக்கே போயிற்று. கூர்ந்து கேட்டால் கீச்சொலி. அதன் அடியில், பட்டுப்புடவை உரசுவதுபோல லட்சக்கணக்கான இறக்கைகளின் சத்தம். ஒரு குழந்தை அப்பா தோளில் உட்கார்ந்தபடி எண்ணத் தொடங்கி, பதினேழில் கைவிட்டது.

1980-ல் இந்தப் பாலத்தைப் புதுப்பித்தபோது அடியில் ஓர் அங்குல அகலத்தில் நீள நீளமான இடுக்குகள் விட்டார்கள். கட்டியவர்கள் வௌவாலை நினைக்கவில்லை. மெக்சிகோவிலிருந்து வசந்த காலத்தில் குட்டி போட வரும் வௌவால்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல அது அமைந்துவிட்டது. ஊர் அலறியது. நோய் பரவும், ஒழித்துக்கட்ட வேண்டும் என்றார்கள். 1986-ல் மெர்லின் டட்டில் என்ற வௌவால் ஆராய்ச்சியாளர் ஆஸ்டினுக்கே குடிவந்து, இவை ஒரே இரவில் ஆயிரக்கணக்கான கிலோ பூச்சி தின்கின்றன, உங்களை ஒன்றும் செய்யாது என்று வீடு வீடாகச் சொல்லாத குறையாக எடுத்துச் சொன்னார். இப்போது உச்சக் காலத்தில் பதினைந்து லட்சம் வௌவால்கள். ஊர் மக்கள்தொகையைவிட அதிகம். துரத்த நினைத்த ஊர் இன்று டி-ஷர்ட்டில் வௌவால் போட்டு விற்கிறது. காசு வாங்காமல் காட்டும் காட்சி. இதற்கு எந்தப் பில்டப்பும் தகும்.

செல்போனில் ஒரு படம் எடுத்து அண்ணன் மகனுக்கு அனுப்பினேன். வெறும் படமாக அனுப்பக் கை வரவில்லை. பழக்க தோஷம். “ஊருன்னா இதுதான்டா ஊரு!” என்று ஒரு தலைப்பு போட்டேன்.

ஆஸ்டினின் இன்னொரு பில்டப், ‘ஆஸ்டினைக் கிறுக்காகவே வைத்திருப்போம்’ என்ற வாசகம். 2000-ஆம் ஆண்டில் ரெட் வாசெனிக் என்ற கல்லூரி நூலகர், உள்ளூர் வானொலிக்கு நன்கொடை சொல்லப் போன் செய்தபோது போகிறபோக்கில் உதிர்த்தது. அவரும் மனைவியும் ஸ்டிக்கர் அடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகு வேறு ஏதோ ஒரு கம்பெனி அந்த வாசகத்தை வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்து கொண்டது. கிறுக்குக்கும் பட்டா போட்டுவிட்டார்கள்.

மறுநாள் கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினேன். ஐ-35 நெடுஞ்சாலைக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தால் வேறு ஊர். அது தானாக அமைந்த வேறுபாடு அல்ல. 1928-ல் போட்ட நகரத் திட்டத்தில், கறுப்பின மக்களுக்கான பள்ளிக்கூடம், பூங்கா எல்லாம் கிழக்குப் பக்கம் மட்டும்தான் என்று எழுதினார்கள். சட்டம் போட்டு விரட்ட முடியாததால் வசதிகளை அந்தப் பக்கம் நகர்த்தி ஆட்களை நகர்த்தினார்கள். எல்லைக்கோடாக இருந்த ஈஸ்ட் அவென்யூதான் 1962-ல் நெடுஞ்சாலையாகி, கான்கிரீட் சுவராகவே நின்றுவிட்டது. இப்போது அந்தக் கிழக்குப் பக்கத்துக்கே மவுசு. பழைய ஓட்டு வீடுபோல ஒரு சின்ன மரவீடு, அதை ஒட்டி அட்டைப்பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல மூன்று மாடிப் புதுவீடு. மறுபடி ஒரு மரவீடு, மறுபடி ஒரு பெட்டி.

பஸ் ஸ்டாப்பில் ஒரு கறுப்பினப் பாட்டி. எழுபத்தைந்து இருக்கும். நான் எங்கிருந்து வந்தேன், ஏன் கார் இல்லை என்று விசாரித்துவிட்டு, தன் கதைக்கு வந்தார். அப்பா கட்டிய வீடு. கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. “வீடு அப்படியேதான் இருக்கு. சமையல்கட்டு ஜன்னல் இன்னும் சரியா மூடாது. வரி லெட்டர்ல மட்டும் அது வருஷா வருஷம் மாளிகை ஆகிட்டே வருது” என்றார்.

டெக்சாசில் மாநில வருமான வரி கிடையாது. ஆஸ்டினுக்கு வாருங்கள் என்று கூப்பிடுகிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் எங்கிருந்தாவது காசு வர வேண்டுமே? அது வீட்டு வரியிலிருந்து வருகிறது. கலிபோர்னியாவிலிருந்து வீட்டை விற்றுவிட்டு வருகிறவர் பக்கத்து மனையைக் கேட்ட விலைக்கு வாங்கினால், அந்தத் தெருவின் மதிப்பு ஏறும். பாட்டிக்கு வரி ஏறும். வருமான வரி இல்லை என்பது அவருக்கு என்ன லாபம்? அவருக்கு வருமானமே இல்லை. முதியவர்களுக்குச் சலுகைகள் உண்டு, அதற்கு ஒரு படிவம் உண்டு என்றும் அவரே சொன்னார். படிவத்தைப் பற்றிச் சொல்லும்போது சிரித்தார்.

பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக்குளத்தையும் சொல்ல வேண்டும். நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வரும் தண்ணீர், வருஷம் முழுக்க இருபது, இருபத்தோரு டிகிரி. இறங்கியதும் பல் கிட்டித்தது. ஐந்து நிமிஷத்தில் வெளியே வர மனசில்லை. இந்தக் குளத்துக்காகவே ஆஸ்டின்காரர்கள் மேலே நிலத்தில் கட்டடம் வராமல் தடுக்கப் பல வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள். கிறுக்கு என்றால் அதுதான் உருப்படியான கிறுக்கு.

நாஷ்வில்லுக்கு விமானத்தில்தான் போக வேண்டியிருந்தது. கன்ட்ரி மியூசிக் என்கிற அமெரிக்க நாட்டுப்பாடல்கள் பலவற்றில் ரயில் ஊதுகிறது. அந்தப் பாடல்களின் தலைநகரத்துக்கு வெளியூர் ரயில் 1979-லேயே நின்றுவிட்டது. 1900-ல் கட்டிய அழகான கோபுரம் வைத்த ரயில் நிலையம் இப்போது ஓட்டல்.

பிராட்வே என்ற தெருவில் காலை பத்து, பத்தரைக்கே பாட்டு தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு மதுக்கடையிலும் மூன்று நான்கு மாடி. மாடிக்கு ஒரு கச்சேரி. கண்ணாடி ஜன்னல்களைத் திறந்து வைத்திருப்பதால் நடைபாதையில் நிற்கிறவனுக்கு எட்டுப் பாட்டு ஒரே நேரத்தில் கேட்கும். நடுரோட்டில் பெஞ்சு போட்ட வண்டியைப் பெடல் மிதித்தபடி, வெள்ளைப் பூட்ஸும் இளஞ்சிவப்புத் தொப்பியும் அணிந்த பெண்கள் கூட்டம் கத்திக்கொண்டு போனது. கல்யாணத்துக்கு முன் மணப்பெண்ணும் தோழிகளும் சேர்ந்து கூத்தடிக்க அமெரிக்காவில் முதலில் நினைவுக்கு வரும் ஊர்களில் ஒன்றாக இது ஆகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஒன்பது மணப்பெண்களை எண்ணினேன். பிறகு வௌவால் எண்ணிய குழந்தைபோல விட்டுவிட்டேன்.

கடைக்குள்ளே போனால் வேறு கதை. நுழைவுக் கட்டணம் இல்லை. மேடையில் இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. கிட்டார் அவன் கையில் தானாகப் பேசியது. எதிரே நாங்கள் பதினோரு பேர். டிசம்பர் சீசனில் மத்தியானக் கச்சேரிக்கு உட்காரும் கூட்டம் ஞாபகத்துக்கு வந்தது. இங்கே பாடகர்கள் பெரும்பாலும் டிப்ஸை நம்பித்தான் பாடுகிறார்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு குழு. அரைமணிக்கு ஒருமுறை பாடகியே ஒரு பிளாஸ்டிக் வாளியோடு மேஜை மேஜையாக வந்தார். டிரம்மில் ஒரு கியூஆர் கோடு ஒட்டியிருந்தது. முன்மேஜைக்காரர் இருபது டாலரை நீட்டி எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டைக் கேட்டார். இன்னொரு மேஜை நாற்பது கொடுத்து அதை நிறுத்தி வேறு பாட்டு கேட்டது. கூட்டம் கைதட்டியது. கிட்டார் பையன் சிரித்தான். வாய் மட்டும் சிரித்தது. சொந்தப் பாட்டு பாடுவீர்களா என்று இடைவேளையில் கேட்டேன். “செவ்வாய்க்கிழமை, வேற இடத்துல” என்றான்.

அந்தத் தெருவை ஒட்டி நிற்கும் ரைமன் அரங்கம் பில்டப்புக்கு மேலேயே இருக்கிறது. 1892-ல் ஒரு படகுக் கம்பெனி முதலாளி, மதப் பிரசங்கம் கேட்டு மனம் மாறிக் கட்டிய பிரார்த்தனைக் கூடம். இன்றும் உட்காருவது தேவாலயத்து மர பெஞ்சில்தான். முதுகு வலிக்கும். ஆனால் மேடையில் ஒருவர் மைக் இல்லாமல் தொண்டையைச் செருமினால் மாடிக் கடைசி வரிசைக்குக் கேட்கும். சென்டினியல் பூங்காவில் ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலை அச்சு அசலாகக் கட்டி வைத்திருப்பதையும் பார்த்தேன். 1897 கண்காட்சிக்குக் கட்டியது, பிறகு கான்கிரீட்டில் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே 42 அடி அதீனா, பொன் பூசி. வெயிலிலிருந்து அந்த இருட்டுக்குள் நுழைந்து நிமிர்ந்ததும் என் கை தானாகக் குவிந்துவிட்டது. காவலாளி கண்டுகொள்ளவில்லை.

நாஷ்வில்லில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் பொது நூலகத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. பிராட்வேயிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். உரிமைப் போராட்டத்துக்கென்று ஓர் அறை. நடுவில் வளைந்த ஒரு சாப்பாட்டுக் கவுன்ட்டர், சுற்றிலும் உயர நாற்காலிகள். 1960 பிப்ரவரியில் கறுப்பின மாணவர்கள் நகரத்துக் கடைகளில் இப்படிப்பட்ட கவுன்ட்டர்களில்தான் போய் உட்கார்ந்தார்கள். பொருள் வாங்கலாம், உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்ற கடைகள். தலையில் சிகரெட் அணைத்தார்கள், இழுத்துப் போட்டு அடித்தார்கள். திருப்பி அடிக்கவில்லை. போலீஸ் ஒரு வரிசையைக் கைது செய்து கொண்டுபோனால் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. அந்த ஆண்டு மே மாதம் கவுன்ட்டர்கள் திறந்தன.

மாணவர்கள் கையில் வைத்திருந்த பத்து விதிகள் அந்தக் கவுன்ட்டரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. திருப்பி அடிக்காதே, நிமிர்ந்து உட்கார், எப்போதும் கவுன்ட்டரைப் பார்த்தே இரு. இவர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். ஐம்பதுகளில் நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் இருந்து, காந்தியின் வழியைப் படித்துவிட்டு வந்தவர். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இந்தக் குற்றத்துக்காக அவரை வெளியேற்றியது. பல ஆண்டுகள் கழித்துப் பேராசிரியராகக் கூப்பிட்டுக்கொண்டது. நாக்பூரில் கற்ற பாடத்தை டென்னசியில் நடத்திக் காட்டியிருக்கிறார் மனிதர். அந்த நாற்காலியில் நான் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறு யாரும் வரவில்லை. ஊர் முழுக்கப் பூட்ஸ் வாங்கிக்கொண்டிருந்தது.

நாஷ்வில்லின் பில்டப்பில் பொய் என்று எதுவுமில்லை. பாட்டு நிஜம், பாடகர்கள் நிஜம். விரலைத்தான் வேறு பக்கம் நீட்டுகிறார்கள். வடக்கே ஜெபர்சன் தெரு என்று ஒன்று உண்டு. கறுப்பினத்தவரின் கடைகளும் பாட்டு மன்றங்களும் வரிசையாக இருந்த தெரு. இளம் வயதில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த தெரு. அறுபதுகளின் கடைசியில் ஐ-40 நெடுஞ்சாலையை அதை அறுத்துக்கொண்டு போட்டார்கள். பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். மேம்பாலத் தூண்களில் பழைய பாடகர்களின் படம் வரைந்திருக்கிறார்கள். தூணில்தான் இடம் மிச்சம்.

பஸ் என்றதும் இன்னொன்று. 2018-ல் ரயிலும் பஸ்ஸும் விரிவாக்கும் திட்டத்தை நாஷ்வில் மக்கள் ஓட்டுப்போட்டுத் தோற்கடித்தார்கள். 2024-ல் அதைவிடச் சிறிய ஒரு திட்டத்துக்குச் சரி என்றார்கள். இந்த ஆறு வருஷத்தில் எத்தனை பேர் குடியேறினார்கள், எத்தனை பேர் டிராபிக்கில் மாட்டினார்கள் என்பதுதான் இடையில் நடந்த பிரச்சாரம்.

பஸ், ரயில் என்று பேச்சு வந்தால் போர்ட்லண்டைச் சொல்லாமல் முடியாது. அதை நான் முந்தைய பயணத்திலேயே பார்த்துவிட்டேன். ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட். கார் இல்லாதவனுக்கு இந்த வரிசையில் அதுதான் சொர்க்கம். தெருவுக்குத் தெரு இருநூறு அடிதான். 1986 முதல் டிராம் போன்ற ரயில். ஆற்றங்கரையில் இருந்த நெடுஞ்சாலையை எழுபதுகளிலேயே பெயர்த்துவிட்டுப் பூங்கா போட்டவர்கள். பவல்ஸ் புத்தகக் கடை ஒரு முழு பிளாக். உள்ளே நுழையும்போது வரைபடம் கொடுக்கிறார்கள். எனக்குத் தேவைப்பட்டது. தெருமுனைகளில் நான்கு கிண்ணங்கள் வைத்த வெண்கலக் குடிநீர்க் குழாய்கள் கொப்பளிக்கின்றன. 1912-ல் சைமன் பென்சன் என்ற மர வியாபாரி பத்தாயிரம் டாலர் கொடுத்து இருபது குழாய் வைத்ததில் தொடங்கியது. தொழிலாளிகள் தாகத்துக்குச் சாராயக் கடைக்குப் போகிறார்கள் என்ற கவலையாம். குனிந்து குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்.

ஆஸ்டினின் கிறுக்கு வாசகத்தை அப்படியே இரவல் வாங்கிச் சுவரில் எழுதி வைத்திருந்த ஊர் இது. பத்து வருஷம் அதைத் தலையில் வைத்து ஆடிய பத்திரிகைகளே, 2020-ன் போராட்டங்களுக்குப் பிறகு சுடுகாடு என்று எழுதின. போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றமில்லை என்று அந்த ஆண்டு மாநிலம் முழுக்க ஓட்டுப்போட்டு முடிவு செய்தார்கள், 2024-ல் திரும்பப் பெற்றார்கள். நடைபாதையில் கூடாரங்கள் இருந்தன, மனிதர்கள் சுருண்டு கிடந்தார்கள். பொய்யில்லை. நாலு தெரு தள்ளி ரோஜாத் தோட்டமும் இருந்தது. வசையிலும் பில்டப் உண்டு என்று தலைப்பு போட்டவனுக்குத் தெரியும். நாலு வார்த்தையில் ஓர் ஊர் வாழ வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும். நடுவில் கிடப்பதற்கு அங்கே இடம் கிடையாது.

பிட்ஸ்பர்க்குக்குத் திரும்பியபோது பஸ்காரனுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு மரியாதை கிடைத்தது. விமான நிலையத்துப் பஸ் அரைமணி நேரம் மலையும் கடையுமாக ஒன்றுமில்லாத சாலையில் போகும். ஃபோர்ட் பிட் சுரங்கத்துக்குள் நுழையும். மஞ்சள் விளக்கு, சத்தம். அது முடிகிற இடத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் மொத்த நகரமும் முகத்துக்கு நேராக நிற்கும். இரண்டு ஆறுகள் சேர்ந்து மூன்றாவதாகிற முனை, மஞ்சள் பாலங்கள், கோபுரங்கள். கார் ஓட்டுகிறவன் பாலத்தில் எந்த லேன் என்று திணறிக்கொண்டிருப்பான். நான் வாய் பிளந்து பார்க்கலாம்.

1950-ல் இங்கே 6.77 லட்சம் பேர். 2020-ல் 3.03 லட்சம். பாதிக்கு மேல் போய்விட்டார்கள். எண்பதுகளில் உருக்காலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. அதே நேரத்தில், 1985-ல், ராண்ட் மெக்னலி பட்டியல் ஒன்று அமெரிக்காவிலேயே வாழத் தகுந்த ஊர் பிட்ஸ்பர்க்தான் என்று முதலிடம் கொடுத்தது. வேலை போனவர்கள் அந்தச் செய்தியை எந்த முகத்தோடு படித்திருப்பார்கள்? நகரத்தின் மிக உயரமான கட்டடம் 64 மாடி, எஃகுக் கம்பெனிக்காக 1970-ல் எழுப்பியது. இன்று அதன் நெற்றியில் மருத்துவமனைக் குழுமத்தின் பெயர் எரிகிறது.

மோனோங்கஹேலா ஆற்றங்கரையில் மலையேறும் இழுவை ரயில் இருக்கிறது. 1870-லிருந்து ஓடுகிறது. பழனி விஞ்ச்தான், அதைவிடக் கொஞ்சம் கிழடு. மலைமேல் குடியிருந்த ஆலைத் தொழிலாளிகளுக்காகப் போட்டது. இப்போதும் நகரப் போக்குவரத்தின் பகுதி, பஸ் அட்டையைக் காட்டினால் ஏற்றிக்கொள்கிறார்கள். என் பக்கத்தில் ஒருவர் மளிகைப் பையோடு நின்றார். மேலே சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

பென் ஹில்ஸ் மேட்டில் வெங்கடேஸ்வரர் கோயில். எழுபதுகளில் கும்பாபிஷேகம். அமெரிக்காவில் ஆகம முறைப்படி எழுந்த முதல் கோயில்களில் ஒன்று. வேறு கோயில்கள் வருவதற்கு முன் பல மாநிலங்களிலிருந்து இங்கேதான் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் புளியோதரைத் தட்டோடு எதிரே உட்கார்ந்த பெரியவர் எழுபதுகளில் எஞ்சினீயராக வந்தவர், மாயவரத்துக்காரர். “ஆலை மூடினப்போ எங்க தெருவுல பாதி வீட்டுக்கு விற்பனைப் பலகை தொங்கித்து. வாங்க ஆளில்லை. பக்கத்தாத்துப் பையன்கள் எல்லாம் டெக்சாஸ் போனா. நாங்க போகலை. பெருமாளைப் பிரதிஷ்டை பண்ணியாச்சே, எப்படிப் போறது?” என்றார். அவருடைய பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். ஒருவன் டாலஸ். இன்னொருத்தி ஆஸ்டின்.

இந்த ஊரையும் தூக்கி வைத்து ஆட எனக்கு மனமில்லை. சில காலைகளில் காற்றில் அழுகிய முட்டை நெடி, ஆற்றின் மேற்பக்கம் இன்னும் ஓடுகிற ஆலைகளிலிருந்து. ஹில் என்ற குன்றுப்பகுதியின் கீழ்ப்பாதியில் ஐம்பதுகளில் சுமார் எட்டாயிரம் பேரைக் காலி செய்து ஒரு வட்ட அரங்கம் கட்டினார்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவர். அரங்கத்தையும் பிறகு இடித்துவிட்டார்கள். வெகுகாலம் கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது. நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் பிறந்த வீடு அதற்கு மேலே பெட்போர்ட் அவென்யூவில் இருக்கிறது. ஆஸ்டினின் ஐ-35, நாஷ்வில்லின் ஐ-40, இங்கே இந்த அரங்கம். போர்ட்லண்டிலும் ஆல்பைனா பகுதியில் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். பஸ்ஸில் போனால் இது தெரிந்துவிடும். பஸ் அந்த வழியாகத்தான் போகிறது.

ஊர்ப் பில்டப்புக்கு ஒரு மூலபுருஷர் உண்டென்றால் ரிச்சர்ட் ஃபுளோரிடாவைச் சொல்லலாம். படைப்பாளிகளும் மென்பொருள்காரர்களும் விரும்பி வருகிற ஊர்தான் பிழைக்கும், எனவே அவர்களுக்குப் பிடித்தமாதிரி ஊரை மாற்றுங்கள் என்று 2002-ல் புத்தகம் எழுதியவர். மேயர்கள் அதை வேதம்போலப் படித்தார்கள். அப்போது அவர் இருந்தது இதே கார்னகி மெலனில். வளாகத்துப் புல்வெளியில் ஒரு மாணவனைப் பார்க்கிறார். முடியைச் சாயம் பூசிச் சிலிர்த்து விட்டவன், பச்சை குத்தியவன். நல்ல சம்பளத்தில் வேலை வாங்கிக்கொண்டு பிட்ஸ்பர்க்கை விட்டுப் போகிறான். ஏன் என்று கேட்டால், போகிற ஊர் ஆஸ்டின் என்பதையே பதிலாகச் சொல்கிறான். புத்தகத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. 2017-ல் அவரே இன்னொரு புத்தகம் எழுதி, வெற்றி பெற்ற ஊர்களில் சாமானியன் இருக்க முடியாமல் போனதைப் பற்றிக் கவலைப்பட்டார். நான் அதே புல்வெளியில் அண்ணன் மகனுக்காகக் காத்திருந்தேன்.

“சொல்லுங்க சித்தப்பா” என்றான் வந்ததும்.

கையில் குறிப்பேடு வைத்திருந்தேன். பாட்டியின் வரி லெட்டர், வாளி, பத்து விதி எல்லாம் அதில் இருந்தன. வரிசையாகச் சொல்லலாம் என்று கண்ணாடியை மாட்டினேன்.

“அதான் வௌவால் போட்டோ அனுப்பினீங்களே, ஊருன்னா இதுதான்டா ஊருன்னு. அன்னைக்கே ஆஸ்டினுக்கு சைன் பண்ணிட்டேன்.”

முப்பது வருஷ சர்வீஸில் என் தலைப்பு ஒன்று இவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை.

பத்து நாள் கழித்து வீட்டைக் காலி செய்தான். மலைச்சரிவில் ஒடுங்கிய தெரு. பிட்ஸ்பர்க்கில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டெதிரே கார் நிறுத்துகிற இடத்தில், கார் வெளியே போயிருக்கும் நேரம், ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிடுவார்கள். பனியை வாரிச் சுத்தம் செய்தவனுக்கு அந்த இடம் சொந்தம் என்பதில் தொடங்கியது, இப்போது கோடையிலும் போடுகிறார்கள். சட்டப்படி செல்லாது. ஆனால் யாரும் நகர்த்த மாட்டார்கள். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்த பரம்பரையில் வந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அவன் தன் பழைய டொயோட்டாவை விற்றுவிட்டான். மேஜை, கட்டில் எல்லாம் நண்பர்கள் எடுத்துக்கொண்டார்கள். சமையல்கட்டு நாற்காலி ஒன்று மிஞ்சியது, ஒரு கால் ஆடும். குப்பையோரம் வைத்தான். எதிர்வீட்டுக் கிழவி படியிறங்கி வந்தார். இந்த ஊரில் ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் கூப்பிட ‘யின்ஸ்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இல்லாத நம்முடைய ‘நீங்கள்’.

“யின்ஸ் கிளம்பறீங்களா?” என்றார் எங்கள் இருவரையும் பார்த்து.

ஆமாம் என்றோம். அவர் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், டொயோட்டா நின்ற காலி இடத்தின் நடுவில் வைத்தார். ஆடுகிற காலை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு அடியில் ஒரு சின்னக் கல்லைச் செருகிவிட்டு, வீட்டுக்குள் போனார்.